கடிகாரமா, கணக்கா? எடை குறைக்கத் தொடங்குவோருக்கு

எடையைக் குறைக்கலாம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் போதும், இரண்டு கட்சிகள் வந்துவிடும். ஒரு கட்சி கடிகாரத்தைக் காட்டும்: எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடி, மீதி பதினாறு மணி நேரம் வாயைக் கட்டு. இதைத்தான் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்கிறார்கள். இன்னொரு கட்சி நோட்டை நீட்டும்: எப்போது வேண்டுமானாலும் சாப்பிடு, ஆனால் கலோரியை எண்ணு.

இரண்டையும் செய்து பார்த்தவன் நான். கடிகார வழியில் நான்கு மாதத்தில் 3 கிலோ இறங்கியது; தீபாவளி முடிந்ததும் அதே 3 கிலோ திரும்ப ஏறியது. கணக்கு வழியில் ஒரு வருடம் போல ஆனது, 6 கிலோ இறங்கியது, இன்றுவரை அங்கேயே நிற்கிறது. அதனால் கணக்குதான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. என் தம்பிக்கு நேர்மாறு. நோட்டில் எழுதச் சொன்னால் மூன்றாம் நாள் நோட்டையே காணோம் என்பான். ராத்திரி ஏழு மணிக்கு மேல் சாப்பிடுவதில்லை என்ற ஒரே விதியை இரண்டு வருடமாகக் காப்பாற்றுகிறான்.

இதில் புற்றுநோய்ப் பேச்சு எங்கள் வீட்டுக்கு வந்தது அத்தையால். அவருக்குக் கருப்பையின் உட்சவ்வில் புற்று என்று தெரிந்தபோது, மருத்துவர் எடையைப் பற்றியும் பேசினார். எடை என்றால் சுகர், பிரஷர், முட்டிவலி என்று மட்டும் நினைத்திருந்த எங்களுக்கு அது புதுச் செய்தி. ஆகவே முதலில் அந்தத் தொடர்பைப் பார்த்துவிட்டு அப்புறம் செய்முறைக்கு வருகிறேன். நான் மருத்துவன் இல்லை. படித்ததையும் பட்டதையும் சொல்கிறேன்.

கொழுப்பு சும்மா கிடப்பதில்லை

இடுப்பில் தொங்குவது வெறும் சேமிப்பு மூட்டை என்று நினைப்போம். அது ஒரு சுரப்பி போல வேலை செய்கிறது. மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை நிறுத்திவிடும். ஆனால் கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரோஜனும் கூடும். கருப்பை உட்சவ்வும் மார்பகமும் அதைக் கேட்டு வளரும் திசுக்கள். இன்னொரு பக்கம், வயிற்றுக் கொழுப்பு மிகுந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, உடல் அதிகமாகச் சுரக்கும். இன்சுலின் சர்க்கரையை மட்டும் பார்ப்பதில்லை, செல்களுக்கு 'வளரு, பெருகு' என்ற செய்தியையும் கொடுக்கும். மூன்றாவது, ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் மெல்லிய அழற்சி.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2016-ல் இதை உட்கார்ந்து அலசியது. அதிகக் கொழுப்பு இல்லாமல் இருப்பது 13 வகைப் புற்றுநோய்களின் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதற்குப் போதுமான சான்று இருப்பதாக அறிவித்தது: பெருங்குடல்–மலக்குடல், மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்று, கருப்பை உட்சவ்வு, சினைப்பை, சிறுநீரகம், கல்லீரல், பித்தப்பை, கணையம், தைராய்டு, இரைப்பையின் மேல்வாய், உணவுக்குழாயில் ஒரு வகை, மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா. இவற்றில் எடையோடு மிக நெருக்கமாகக் கட்டுண்டது கருப்பை உட்சவ்வுப் புற்று.

பட்டியலில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். வாய்ப்புற்றும் நுரையீரல் புற்றும் இதில் கிடையாது. அவற்றுக்குப் புகையிலைதான் முதல் காரணம். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ். பத்து கிலோ குறைத்துவிட்டு ஹான்ஸ் பாக்கெட்டைப் பையில் வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டுரை உதவாது.

சரி, எடையைக் குறைத்தால் உண்மையிலேயே வாய்ப்பு குறைகிறதா? அமெரிக்காவில் 'பெண்கள் நல முன்னெடுப்பு' என்ற பெரிய ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மூன்று வருடத்தில் தங்கள் எடையில் 5 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களுக்கு, எடை மாறாதவர்களைவிட மார்பகப் புற்று 12 சதவீதமும் கருப்பை உட்சவ்வுப் புற்று 29 சதவீதமும் குறைவாக இருந்தன. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவமனை 2022-ல் வெளியிட்ட ஆய்வில், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உடல்பருமனோடு தொடர்புடைய புற்றுநோய்கள் 32 சதவீதம் குறைவு. இவை பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள். சீட்டுக் குலுக்கிப்போட்டுப் பிரித்த சோதனைகள் இல்லை. இருந்தாலும் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன.

விரதத்துக்கென்று தனியாகப் புற்றுநோயைத் தடுக்கும் சக்தி உண்டா என்பதுதான் அடுத்த கேள்வி. வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி எல்லோருக்கும் வந்திருக்கும்: 'நோபல் பரிசு பெற்ற ஜப்பான் விஞ்ஞானி சொல்கிறார், பட்டினி கிடந்தால் உடல் புற்று செல்களைத் தின்றுவிடும்.' யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் கிடைத்தது உண்மை. செல் தன் பழுதான உறுப்புகளைத் தானே அரைத்து மறுபயன்பாடு செய்யும் 'ஆட்டோபேஜி'க்காகத்தான் கிடைத்தது. ஆனால் அது எப்படி நடக்கிறது என்று அவர் கண்டுபிடித்தது ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட்டில். மனிதரை ஏகாதசி இருக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, ஏற்கெனவே வளர்ந்துவிட்ட கட்டி அதே ஆட்டோபேஜியைப் பயன்படுத்திப் பட்டினியைத் தாக்குப்பிடிப்பதும் உண்டு. இரு பக்கமும் வெட்டும் கத்தி அது.

மனிதர்களிடம் கிடைத்த செய்தி ஒன்று உண்டு. ஆரம்பநிலை மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற 2,413 பெண்களை அமெரிக்காவில் கவனித்ததில், இரவில் 13 மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளி விட்டவர்களுக்குப் புற்று திரும்ப வரும் வாய்ப்பு 36 சதவீதம் கூடுதலாக இருந்ததாக 2016-ல் வெளியானது. ஆர்வத்தைக் கிளப்பும் செய்திதான். ஆனால் இரவு பத்தரைக்குப் பரோட்டா சாப்பிடுபவருக்கும் ஏழு மணிக்கு இட்லியோடு முடித்துக்கொள்பவருக்கும் இடையில் வித்தியாசம் நேரம் மட்டும்தானா? விரதம் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் வருவதே குறைந்தது என்று நிரூபித்த மனிதச் சோதனை கிடையாது. கலோரி எண்ணியவர்களுக்கும் அப்படியொரு சோதனை கிடையாது. புற்றுநோய்க் கணக்கில் எடுபடுவது குறைந்த கொழுப்பு. அதை எந்த வழியில் குறைத்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டையும் மோதவிட்டுப் பார்த்தபோது

சீனாவின் குவாங்சோவில் 139 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இரு அணிக்கும் ஒரே கலோரிக் குறைப்பு. ஓர் அணி மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரைக்குள் சாப்பிட வேண்டும். ஒரு வருடம் கழித்து நேரக் கட்டுப்பாட்டு அணி 8 கிலோவும் மற்ற அணி 6.3 கிலோவும் குறைத்திருந்தன. புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. 2022-ல் வெளியான முடிவு இது.

சிகாகோவில் 90 பேரிடம் செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. ஓர் அணி பகல் 12 முதல் இரவு 8 வரை எதையும் எண்ணாமல் சாப்பிட்டது. இன்னொரு அணி கலோரியை எண்ணி 25 சதவீதம் குறைக்க முயன்றது. ஒரு வருடத்தில் எடைக்குறைப்பு கிட்டத்தட்டச் சமம். காரணம் எளிது: எண்ணாத அணியும் நாளுக்கு 425 கலோரி குறைவாகவே சாப்பிட்டிருந்தது, எண்ணிய அணி 405. கடைக்கதவைச் சீக்கிரம் சாத்தினால் வியாபாரம் தானாகக் குறைகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடந்தது. எடை கூடிய, மாதவிடாய் நிற்காத 107 பெண்கள். பாதிப் பேர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடுமையாகக் குறைத்தார்கள், மீதிப் பேர் தினமும் கொஞ்சம் குறைத்தார்கள். ஆறு மாதத்தில் 6.4 கிலோ, 5.6 கிலோ, இதுவும் ஏறக்குறையச் சமம்தான். கொலராடோவில் வாரம் மூன்று நாள் பெருமளவு குறைத்தவர்கள் தினமும் குறைத்தவர்களைவிடச் சற்று முந்தினார்கள், 7.6 சதவீதத்துக்கு 5. அது 2025-ல் வந்தது. ஒருநாள்விட்டு ஒருநாள் விரதத்தில் மட்டும் பாதியில் கழன்றுகொண்டவர்கள் அதிகம்; 2017-ல் வெளியான ஒரு சோதனையில் நூற்றுக்கு 38 பேர். புதிதாகத் தொடங்குபவருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

இனி வேலை.

முதல் படி: டேப்பை எடுங்கள்

எடைக்கல்லுக்கு முன் தையல் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபடி, துணியில்லாத வயிற்றின்மேல் அளக்கவும். பேண்ட் கட்டும் இடத்தில் அளந்து 'எனக்கு 34 தான்' என்று சொல்வது நம் ஆண்களின் பழைய ஏமாற்று. பேண்ட் தொப்பைக்குக் கீழே இறங்கி எத்தனையோ வருடம் ஆகிறது.

இந்தியர்களுக்கு ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80 சென்டிமீட்டர் எல்லை. பி.எம்.ஐ. என்பது கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது. நமக்கு 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல்பருமன். இணையத்தில் வரும் 25, 30 என்ற எல்லைகள் நமக்கானவை இல்லை. ஒரே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிட நம் உடலில் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில்.

158 சென்டிமீட்டர் உயரம், 70 கிலோ, 45 வயது உள்ள ஓர் அக்காவை வைத்துக்கொள்வோம். பி.எம்.ஐ. 28. அவருடைய முதல் இலக்கு 52 கிலோ கிடையாது. 5 சதவீதம், அதாவது மூன்றரைக் கிலோ. அதைத் தொட்டபின் அடுத்ததைப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: உங்களுக்கு இது ஆகுமா?

இதைத் தாண்டிப் போகாதீர்கள். இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். டாபாகிளிஃபுளோசின் வகை மாத்திரையோடு நீண்ட பட்டினி சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே கூட இருக்கலாம் என்பதால் கண்டுபிடிப்பதும் தாமதமாகும். மருத்துவரிடம் 'டயட் இருக்கலாமா' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'காலை மாத்திரையைப் பகல் 12 மணிக்குச் சாப்பாட்டோடு எடுக்கலாமா, அளவைக் குறைக்க வேண்டுமா' என்று மாத்திரைச் சீட்டை வைத்துக் கேளுங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள், சாப்பாட்டோடு முன்பே மனப்போராட்டம் இருந்தவர்கள் விரதப் பக்கம் போக வேண்டாம். அந்தக் கடைசி வகையினருக்குக் கலோரி எண்ணுவதும் ஆகாது. பித்தப்பைக் கல் உள்ளவர்கள் வேகமாக எடை குறைத்தால் கல் தொந்தரவு கூடும்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு: கீமோவின்போது எடை இறங்குவது எதிரி. பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பட்டினி கிடக்காதீர்கள். எதுவாக இருந்தாலும் சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்டு.

இன்னொன்று. எந்த முயற்சியும் இல்லாமல் எடை இறங்குகிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், போய்க் காட்டுங்கள். மாதவிடாய் நின்று வருடமானபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், மலத்தில் ரத்தம் போனாலும் அப்படித்தான். அத்தை ரத்தம் பட்டதை 'சூடு' என்று சொல்லி ஐந்து மாதம் வெந்தயம் குடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, இரண்டு மட்டும். கலோரி எழுத வேண்டாம். டீக்கடையில் குடித்த டீ, குழந்தை மிச்சம் வைத்த அரைத் தோசை, சமைக்கும்போது வாயில் போட்ட வேர்க்கடலை எல்லாம் வரட்டும். முதல் வாய் எத்தனை மணிக்கு, கடைசி வாய் எத்தனை மணிக்கு என்பதையும் குறியுங்கள். என் நோட்டில் முதல் காபி 5:50, கடைசி மிக்சர் 10:40. கிட்டத்தட்ட 17 மணி நேரம் வாய்க்கு ஓய்வே இல்லை.

அதே வாரத்தில் வீட்டு எண்ணெய்க் கணக்கையும் பாருங்கள். எங்கள் வீட்டில் நாலு பேர், மாதம் 5 லிட்டர். அம்மாவிடம் கேட்டால் 'நம்ம வீட்ல எண்ணெயே ஊத்த மாட்டேனேடா' என்பார். ஒருநாள் தோசைக்கு முன்னும் பின்னும் எண்ணெய்த் தூக்கைச் சமையலறைத் தராசில் வைத்தேன். நாலு பேருக்கும் சேர்த்துப் பத்து தோசை, 68 கிராம் குறைந்திருந்தது. அம்மா தராசு பழுது என்றார். தராசு சரிதான். ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி. தோசைக்கு எண்ணெய் மட்டுமே 60 கலோரி. 5 லிட்டரை நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம், ஏறக்குறைய 345 கலோரி. அதை 3 லிட்டராக்கினால் ஆளுக்குத் தினம் 135 கலோரிக்கு மேல் குறைகிறது, யாரும் பட்டினி கிடக்காமலே.

நான்காம் படி: நோட்டைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள்

நோட்டில் தட்டுச் சாப்பாடு அளவாக இருந்து, மாலை ஆறுக்கு மேல் கொறிப்பது நீளமாக இருந்தால் கடிகாரம் உங்களுக்கு. மூன்று வேளைதான், கொறிப்பதில்லை, ஆனால் தட்டே பெரிது என்றால் கணக்கு. ஷிப்டு வேலை பார்ப்பவருக்குக் கடிகாரம் வாரத்துக்கு வாரம் இடறும், அவரும் கணக்குப் பக்கம் வருவது நல்லது. சமையல் கையில் இல்லாமல் மெஸ்ஸில் சாப்பிடுபவருக்கு எண்ணெய் அளவே தெரியாது. அவர் கலோரி எண்ணுவது ஜோசியம் பார்ப்பது மாதிரி, கடிகாரம் மேல்.

கடிகார வழி

முதல் நாளே பதினாறு மணி நேரத்தில் குதிக்க வேண்டாம். முதல் வாரம் 12 மணி நேரம்: இரவு 8-க்கு முடித்து காலை 8-க்குத் தொடங்குவது. இரண்டாம் வாரம் இரவுச் சாப்பாட்டை 7-க்கு இழுங்கள், காலை 9-க்குத் தொடங்குங்கள். அங்கேயே நின்றாலும் குற்றமில்லை. 16-க்குப் போக விரும்பினால் மூன்றாம் வாரம்.

காலையை விடுவதா, இரவை விடுவதா? பெரும்பாலோர் காலையை விட்டு 12 முதல் 8 வரை வைத்துக்கொள்கிறார்கள், வீட்டோடு ராத்திரிச் சாப்பாடு சாப்பிட வசதி என்று. என் சாய்வு மறுபக்கம். அலபாமாவில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 8 ஆண்களை ஐந்து வாரம் பிற்பகல் 3-க்குள் சாப்பிட்டு முடிக்க வைத்தபோது, எடை குறையாமலே இன்சுலின் நன்றாக வேலை செய்தது என்று 2018-ல் கண்டார்கள். எட்டே பேர், அதனால் இதைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். காலை 9 முதல் மாலை 6 அல்லது 7 வரை என்பது நம் வீடுகளில் நடக்கக்கூடியது. ராத்திரி டிபனை ஆபீஸிலிருந்து வந்ததும் முடித்துவிட வேண்டும், அவ்வளவே.

மூடிய நேரத்தில் தண்ணீர், பால் சர்க்கரை இல்லாத டீ, கறுப்புக் காபி மட்டும். ஃபில்டர் காபி ஆகாது; ஒரு டம்ளர் பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் 100 கலோரிக்கு மேல். 'ரசம் தண்ணிதானேப்பா' என்று என் மாமா கேட்டார். தாளிப்பு இருக்கிறது மாமா.

நம்மிடம் ஒருபொழுது விரதம் பழையது, ஆனால் அதில் எடை குறைந்த ஆளை நான் பார்த்ததில்லை. மத்தியானம் சோறு, ராத்திரி 'பலகாரம்' என்ற பெயரில் ஆறு இட்லி, ஒரு கிண்ணம் கேசரி. புதிய விரதத்திலும் இதே ஓட்டைதான். எட்டு மணிக்குக் கடை மூடப்போகிறது என்று ஏழே முக்காலுக்கு அள்ளிப்போட்டுக்கொள்வது. என் 3 கிலோ திரும்பி வந்த வழி அது. கலோரி எண்ணாவிட்டாலும், வழக்கமான தட்டு, ஒரே முறை என்ற விதி வேண்டும்.

முதல் பத்து நாள் தலைவலி, எரிச்சல், மலச்சிக்கல் வரலாம். தண்ணீரும் காய்கறியும் போதும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டினால் விரதத்தைக் கைவிட்டு உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். வைராக்கியம் காட்டும் இடமில்லை அது.

கணக்கு வழி

அந்த 70 கிலோ அக்காவுக்கு வருவோம். உட்கார்ந்து பார்க்கும் வேலை, கொஞ்சம் நடை என்றால் அவர் உடலுக்குச் சுமார் 1,800 கலோரி வேண்டும். அதில் 400 குறைத்து 1,400. அதற்குமேல் பேராசைப்பட வேண்டாம். 1,200-க்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் இறங்கக்கூடாது.

1,400-க்கு ஒரு நாள் இப்படி இருக்கும். காலை மூன்று சிறிய இட்லி, ஒரு கப் சாம்பார், ஒரு ஸ்பூன் தேங்காய்ச் சட்னி, 310. சர்க்கரை இல்லாத சின்ன காபி 40. மதியம் சமைத்த சோறு 150 கிராம், சாம்பார், ஒரு ஸ்பூன் எண்ணெயில் பொரியல், இரண்டு அவித்த முட்டை, நீர்மோர், எல்லாம் சேர்த்து 535. மாலையில் 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 165. இரவு இரண்டு சப்பாத்தியும் பருப்புக் கூட்டும் 350. பட்டினி போலத் தெரிகிறதா? சோறு மட்டும்தான் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும். ஓர் ஆழாக்கு அரிசி 150 கிராம் என்றால் 500 கலோரியைத் தாண்டும். அதைத் தனி ஆளாகச் சாப்பிட்டுப் பழகியவர்கள்தான் நாம் எல்லோரும்.

எல்லாவற்றையும் அளக்காதீர்கள், அளந்தால் ஒரு மாதத்தில் வெறுத்துவிடும். ஐந்து பொருள் போதும்: எண்ணெய், அரிசி–மாவு, தேங்காய், சர்க்கரை, நொறுக்குத்தீனி. கீரை, பீர்க்கங்காய், வெள்ளரிக்குக் கணக்கே வேண்டாம். 400 ரூபாய்க்குள் ஒரு சமையலறைத் தராசு கிடைக்கிறது. சோற்றுக் கரண்டியில் ஒரு கரண்டி எத்தனை கிராம் என்று ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொண்டால் பிறகு தராசு தேவையில்லை. செயலிகளில் 'சாம்பார்' என்று தேடினால் ஆளுக்கொரு எண் வரும். பச்சைப் பொருள்களுக்கு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையின் எண்கள் நம்பகமானவை.

கணக்கு பிசகும், பிசகட்டும். 'கலோரி' என்ற பெயரில் அமெரிக்காவில் இரண்டு வருடம் நடந்த சோதனையில், ஆர்வத்தோடு வந்தவர்களிடம் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். குறைக்க முடிந்தது ஏறக்குறைய 12 சதவீதம். அதிலேயே எடை பத்தில் ஒரு பங்கு இறங்கியது.

குடிப்பவர்களுக்கு ஒரு வரி. ஒரு குவாட்டர் 400 கலோரிக்கு மேல், சைட் டிஷ் தனி. அது மட்டுமென்றால் கணக்கில் ஈடுகட்டலாம்; ஆனால் மது 1988 முதல் முதல்தரப் புற்றுநோய்க் காரணிப் பட்டியலில் இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் குடித்தாலும் அது மதுதான்.

ஐந்தாம் படி: தசையைக் காப்பாற்றுங்கள்

எந்த வழியானாலும் இதை விடாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் 12 வாரம் 16:8 இருந்தவர்களில், நேரில் வரவழைத்து அளக்கப்பட்டவர்கள் இழந்த எடையில் பெரும்பகுதி கொழுப்பாக இல்லை, தசை சேர்ந்த எடை. தசை போனால் இன்சுலின் வேலை செய்யும் இடமும் போகும். நாம் தொடங்கிய காரணமே அடிபடும்.

கிலோவுக்கு ஒரு கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20, ஒரு கப் சுண்டலில் 10 போல. சைவ வீட்டில் இது சிரமம்தான், பருப்பும் தயிரும் பனீரும் சோயாவும் வேளைக்கு வேளை வந்தால்தான் எட்டும். கூடவே வாரம் இரண்டு நாள் கனம் தூக்குங்கள். ஜிம் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது பத்து முறை, சுவரில் கைவைத்துத் தள்ளுவது பத்து முறை, மூன்று சுற்று.

ஆறாம் படி: பன்னிரண்டு வாரம்

எடையை வாரம் ஒருநாள், ஒரே கிழமை, காலைக்கடன் முடித்து. டேப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முதல் வாரம் ஒன்றரைக் கிலோ குறைந்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர், ஊரைக் கூட்டாதீர்கள். அதன்பின் வாரம் கால் கிலோ முதல் அரைக் கிலோ நியாயமான வேகம். நான்கு வாரம் எடையும் டேப்பும் இரண்டும் அசையவில்லை என்றால் மட்டும் எதையாவது மாற்றுங்கள்: கடிகாரக்காரர் ஒரு வாரம் நோட்டை எடுக்கட்டும், கணக்குக்காரர் இரவு 7-க்குக் கதவைச் சாத்திப் பார்க்கட்டும்.

கல்யாண வீடு வந்தால் இலையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், பாயசம் உட்பட. அடுத்த வேளையிலிருந்து பழைய விதி. மறுநாள் பட்டினி போட்டு ஈடுகட்டாதீர்கள். அதற்கடுத்த நாள் ராத்திரி பிரிட்ஜ் முன்னால் நிற்பீர்கள்.

பன்னிரண்டாம் வாரம் 5 சதவீதம் வந்திருந்தால் அதே வழியில் தொடருங்கள். வரவில்லை, அதோடு அந்த வழியே பிடிக்கவில்லை என்றால் மறு வழிக்கு மாறிவிடுங்கள். நான் மாறியது பதினேழாம் வாரம். ஐந்து வாரம் வீம்புக்கு இழுத்தேன். டேப்பைத் தையல் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், குளியலறைக் கதவின் உள்பக்கம் ஓர் ஆணியில் தொங்கட்டும். பெட்டிக்குள் போன டேப் எங்கள் வீட்டில் அடுத்த பொங்கலுக்குத்தான் வெளியே வந்தது, அதுவும் ஜாக்கெட் அளவெடுக்க.